நாய்க்குத் திரும்பத் திரும்ப நிமோனியா: மருந்தா, ஆப்பரேஷனா, மூல காரணத்தப் பிடிக்கிறதா?

நாய்க்கு ஒரு தடவை நிமோனியா வந்து சரியாயிடுச்சுன்னா அத்தோட விட்டுடலாம். ஆனா கொஞ்ச மாசத்துல திரும்ப வருது, ஆன்டிபயாட்டிக் கொடுத்தா அடங்குது, நிறுத்துனதும் திரும்ப இருமல், திரும்ப காய்ச்சல், சாப்பாட்ட மோந்து பாத்துட்டு போய் படுத்துக்குதுன்னா அது வேற கதை. அப்பதான் வெட் (கால்நடை டாக்டர்) "சர்ஜரி பத்தியும் யோசிக்கலாம்"னு சொல்லுவாரு, வீட்ல எல்லாருக்கும் வயித்தக் கலக்கிடும். இங்க சிங்கப்பூர்ல, ஈஷூன்ல இருக்க ஒரு தங்கச்சி, மினியேச்சர் ஷ்னாவ்சர் வெச்சிருக்கு, இதே நெலமைல போன் பண்ணி "அக்கா, உங்க ஷிட்சூக்கு நுரையீரல்ல ஒரு துண்டு எடுத்தப்புறம் நல்லாத்தானே இருக்கான், நானும் பண்ணிடவா"ன்னு கேட்டுச்சு. இப்ப வேணாம்மான்னுதான் சொன்னேன். ரெண்டு நாய்க்கும் வியாதி பேரு ஒண்ணு, இருமல் ஒண்ணு, எக்ஸ்ரேல தெரிஞ்ச வெள்ளைத் திட்டு கூட கிட்டத்தட்ட ஒரே எடம், ஆனா எடுக்க வேண்டிய முடிவு வேற வேற. அது ஏன்னு போன்ல சொல்லி முடியல, அதான் உக்காந்து எழுதுறேன்.

எல்லாத்துக்கும் முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு. கிருமி ஒரே எடத்துல கூடு கட்டி உக்காந்திருக்கா, இல்ல வேற எங்கேர்ந்தோ நுரையீரலுக்குள்ள வந்துட்டே இருக்கா? முதல் வகைன்னா அந்த எடத்த வெட்டி எடுத்தா வியாதியே போயிடும். ரெண்டாவது வகைன்னா நீங்க ஒரு துண்ட எடுத்துட்டு வந்தாலும் மிச்சம் இருக்க நல்ல நுரையீரல்ல அடுத்தது ஆரம்பிக்கும், அப்ப தாங்குறதுக்கு நுரையீரலும் கம்மியா இருக்கும். இதுக்கு விடை தெரியாம மருந்தா ஆப்பரேஷனான்னு பேசுறதுல அர்த்தமே இல்லன்னு நான் உறுதியா நம்புறேன்.

நாயோட நுரையீரல் 6 மடலா பிரிஞ்சிருக்கும், டாக்டருங்க லோப்னு சொல்வாங்க, இடது பக்கம் 2, வலது பக்கம் 4. ஒவ்வொரு மடலுக்கும் தனித்தனி மூச்சுக்குழாய், தனி ரத்தக்குழாய், அதனாலதான் ஒண்ண மட்டும் தனியா எடுக்க முடியுது. சாப்பாடோ வாந்தியோ தப்பான குழாய்ல இறங்குச்சுன்னா பெரும்பாலும் வலது நடு மடல்லதான் போய் விழும், ஏன்னா அதோட குழாய் கீழ பாத்து இறங்குது. அதனால எக்ஸ்ரேல "வலது நடு மடல் மட்டும் வெள்ளையா இருக்கு"ன்னு சொன்னாங்கன்னா அது ஒரு மடல் வியாதின்னு உடனே முடிவுக்கு வந்துடாதீங்க. ஒவ்வொரு தடவையும் அதே எடத்துல சாப்பாடு போய் விழுந்தாலும் படம் இப்படித்தான் இருக்கும். தங்கச்சியோட ஷ்னாவ்சருக்கு நடந்தது அதான்.

அப்புறம் டெஸ்டுங்க. எக்ஸ்ரே 3 கோணத்துல எடுக்கணும், ரெண்டு பக்கமும் படுக்க வெச்சு ஒண்ணு ஒண்ணு, மல்லாக்கவோ குப்புறவோ வெச்சு ஒண்ணு, ஒரே படத்த வெச்சு நாலு மாசம் மருந்து ஓடுறது சரியில்ல. ரெண்டாவது தடவை நிமோனியா வந்துட்டாலே சிடி ஸ்கேன் பத்திப் பேச ஆரம்பிச்சிடணும்ங்கிறது என் கருத்து. காசு ஆகும், மயக்கமோ நல்ல செடேஷனோ கொடுக்கணும், அது பயமாத்தான் இருக்கும், ஆனா எக்ஸ்ரேல வெறும் வெள்ளைத் திட்டா தெரியுறது சிடில தான் சீழ்க்கட்டியா, மூச்சுக்குழாய் விரிஞ்சு நிரந்தரமா கெட்டுப் போயிருக்கா, உள்ள ஏதாவது மாட்டியிருக்கா, மடல் முறுக்கிக்கிச்சா, இல்ல வயசான நாய்ல புத்துநோய்தான் நிமோனியா வேஷத்துல இருக்கான்னு பிரிஞ்சு தெரியும். அதே மயக்கத்துலயே பிராங்கோஸ்கோப்பி (மூச்சுக்குழாய்க்குள்ள கேமரா விட்டுப் பாக்குறது) பண்ணி, சலைன் கொஞ்சம் உள்ள விட்டு உறிஞ்சி எடுத்து, அத கல்ச்சருக்கு (எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும்னு லேப்ல வளத்துப் பாக்குறது) அனுப்பிடலாம், ரெண்டு மயக்கம் தேவையில்ல. கல்ச்சர் எடுக்குறதுக்கு முன்னாடி ஆன்டிபயாட்டிக்க நிறுத்த முடியுமான்னு வெட் கிட்ட கேளுங்க, நாய் ரொம்ப முடியாம இருந்தா நிறுத்தக்கூடாது, அத அவங்கதான் சொல்லணும்.

நம்ம ஊருக்குன்னே ஒண்ணு சேத்துச் சொல்லணும். மெலியாய்டோசிஸ்னு ஒரு தொத்து, சிங்கப்பூர் மண்ணுலயும் தண்ணிலயும் இருக்க கிருமி, பெருமழைக்கு அப்புறம் மனுஷங்களுக்கே கேஸ் கூடும், நாய்க்கும் வரலாம். சாதாரணமா கொடுக்குற நெறைய ஆன்டிபயாட்டிக்குக்கு இது அசராது, மாசக்கணக்குல வேற மருந்து கொடுக்கணும். சேத்துல பொரளுற நாய், காட்டுப் பக்கம் நடக்குற நாய்னா வெட் கிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க, சந்தேகம் இருந்தா அவங்க லேபுக்கும் எச்சரிக்கை கொடுத்து அனுப்பணும், ஏன்னா அங்க வேல செய்றவங்களுக்கும் ஆபத்து. ஹார்ட்வார்ம் டெஸ்டும் மறக்காதீங்க, கொசு இருக்க ஊரு இது, அந்தப் புழுவாலயும் இருமல் வரும், நுரையீரல் ரத்தக்குழாய் கெடும்.

இப்ப மருந்து வழி. இதக் கேவலமா நெனைக்கவே கூடாது. சரியான கல்ச்சர் பாத்து சரியான மருந்து, கூட நெபுலைசர், கூட நெஞ்சுக்கூட்டுல தட்டுறது, இத ஒழுங்கா செஞ்சா நெறைய நாய்க்கு ஆப்பரேஷன் பேச்சே வராது. திரும்பத் திரும்ப வருதுன்னு சொல்ற நாய்ங்கள்ல சிலதுக்கு உண்மைல முதல் தடவையே முழுசா ஆறல, கைக்கு கிடைச்ச ஆன்டிபயாட்டிக் கிருமிய அடக்குச்சு, கொல்லல. 4ல இருந்து 6 வாரம் கண்ண மூடிக்கிட்டு மருந்து கொடுக்குறது பழைய பழக்கம், 2017ல வந்த சர்வதேச வழிகாட்டுதல் 10ல இருந்து 14 நாள்ல மறுபடி பாத்து, அதுக்கேத்த மாதிரி தொடரலாமா நிறுத்தலாமான்னு முடிவு பண்ணச் சொல்லுது. ரத்தத்துல சிஆர்பி (உடம்புல அழற்சி இருந்தா ஏறுற ஒரு புரதம்) பாக்குறதும் உதவும், நாய் தேறும்போது அது எக்ஸ்ரேக்கு முன்னாடியே இறங்கிடும், எக்ஸ்ரே வெள்ளை மறைய லேட் ஆகும். அதனால நாய் நல்லா ஓடுது ஆனா எக்ஸ்ரே இன்னும் சுத்தமாகலன்னு பதறிப்போய் ஆப்பரேஷனுக்கு ஓட வேண்டாம்.

நெபுலைசர் விஷயத்துல ஒண்ணு சொல்லணும், பாத்ரூம் கதவ மூடி சுடுதண்ணி தொறந்து விட்டு நாய அதுக்குள்ள உக்கார வெக்கிறது நம்மள்ல நெறைய பேர் செய்றது. அந்த ஆவியோட துளிங்க பெருசு, மூக்குலயும் தொண்டைலயுமே நின்னுடும், ஆழமான குழாய் வரைக்கும் போறதுக்கு நெபுலைசர் பண்ற மாதிரி பொடித் துளி வேணும். அதோட பக், ஷிட்சூ மாதிரி மூக்கு சப்பையான நாய்ங்களுக்கு அந்தச் சூடே ஆபத்து, நம்ம ஊர் புழுக்கத்துல ஏற்கெனவே மூச்சு வாங்குது. சலைன் நெபுலைசேஷன் முடிஞ்சதும் உள்ளங்கைய குழிச்சு நெஞ்சுக்கூட்டு ரெண்டு பக்கமும் மெதுவா தட்டணும், கொஞ்சம் நடக்க விடணும், சளி மேல ஏறி இருமி வரும். ஆனா சாப்பிட்டத எதுக்களிக்கிற நாய்க்கு தட்டலாமான்னு வெட் கிட்ட கேட்டுட்டுத்தான் செய்யணும், வயிறு நெறைஞ்ச நேரத்துல யாருக்கும் வேணாம்.

இன்னொன்னு, மனசுல ஆழமா பதிச்சுக்கோங்க: நிமோனியா இருக்க நாய்க்கு இருமல அடக்குற சிரப் கொடுக்கவே கொடுக்காதீங்க. அந்த இருமல்தான் சீழ வெளிய தள்ளுது. வீட்ல மனுஷங்களுக்கு வாங்கி வெச்ச மருந்துல பாராசிட்டமால் இருக்கலாம், சர்க்கரை இல்லாத சிரப்புல சைலிட்டால் இருக்கலாம், ரெண்டுமே நாய்க்கு விஷம். பாட்டி அன்புல மிளகு ரசம் ஊத்துறேன்னு சிரிஞ்சுல வாய்க்குள்ள விடுறதும் அதே மாதிரிதான், ஏற்கெனவே தப்பான குழாய்ல இறங்குற நாய்க்கு நீங்களே இறக்கி விடுற மாதிரி ஆயிடும்.

மருந்து வழிக்கு ஒரு எல்லை இருக்கு. மூச்சுக்குழாய் விரிஞ்சு கெட்டுப்போன எடம் (பிராங்கியெக்டேசிஸ்), சுவர் கட்டிக்கிட்ட சீழ்க்கட்டி, உள்ள மாட்டிக்கிட்ட குச்சி, புல்லு விதை, இதுக்கெல்லாம் மருந்து போய்ச் சேருறதே கஷ்டம். வேலி போட்ட மாதிரி கிருமி உள்ள பத்திரமா இருக்கும், ஆன்டிபயாட்டிக் ஓடுற வரைக்கும் சத்தமில்லாம இருந்துட்டு நிறுத்துனதும் வெளிய வரும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா மருந்துக்கு அடங்காத கிருமியா மாறிட்டு வரும். சத்தே குச்சி மாதிரி கூர்மையான மரக்குச்சிய முழுங்கி, அது இரைப்பையத் தொளைச்சு நெஞ்சுக்கூட்டுக்குள்ள வந்த நாய்ங்க பத்தி மருத்துவப் பத்திரிகைகள்ல நெறையவே எழுதியிருக்காங்க. சாப்பாட்டுக் கடைங்க இருக்க ஹாக்கர் சென்டர் கீழ வாக்கிங் போறவங்க கவனிங்க.

அங்கதான் ஆப்பரேஷன் வருது. லோபெக்டமின்னு பேரு, கெட்டுப்போன மடல வேரோட எடுத்துடுறது. எங்க ஷிட்சூக்கு இடது பின் மடல்ல மட்டும் குழாய் விரிஞ்சு சீழ் கட்டியிருந்துச்சு, மத்த மடலுங்க சிடில சுத்தமா இருந்துச்சு, எதுக்களிப்பு இல்ல, குரல் மாறல, கல்ச்சர்ல வந்த கிருமிக்குச் சரியான மருந்து கொடுத்தும் திரும்ப வந்துச்சு. இதெல்லாம் ஒண்ணா சேந்ததாலதான் நாங்க சரின்னு சொன்னோம். இதுல ஒண்ணு கொறைஞ்சிருந்தாக்கூட நான் இன்னும் யோசிச்சிருப்பேன்.

என்ன பண்றாங்கன்னா, வெலா எலும்புங்களுக்கு நடுவுல, எந்த மடலோ அதுக்கேத்த எடைவெளில, பக்கவாட்டுல திறப்பாங்க. நெஞ்சத் திறந்ததும் நுரையீரல் தானா விரியாது, அதனால மயக்க மருந்து குடுக்குறவங்கதான் மெஷின்லயோ கையாலயோ மூச்ச விட்டு விட்டு எடுக்கணும், இந்த ஆப்பரேஷன்ல சர்ஜன் அளவுக்கே அவங்களும் முக்கியம். சீழ் நெறைஞ்ச மடல்னா அதோட மூச்சுக்குழாய முன்கூட்டியே கிளாம்ப் போட்டு அடைப்பாங்க, இல்லன்னா அமுக்கும்போது சீழ் நல்ல நுரையீரலுக்குள்ள கொட்டிடும். அப்புறம் ரத்தக்குழாயும் மூச்சுக்குழாயும் ஸ்டேப்ளரால ஒரே வரிசையா மூடி வெட்டி எடுப்பாங்க, இல்ல தையல் போடுவாங்க. நெஞ்சுக்குள்ள சலைன் ஊத்தி, நுரையீரல ஊதிப் பாத்து, குமிழி வருதான்னு பாப்பாங்க, சைக்கிள் கடைல டியூப் பஞ்சர் பாக்குற அதே வேல. கடைசில செஸ்ட் டியூப் வெச்சு மூடுவாங்க, அது பொதுவா 1ல இருந்து 3 நாள் இருக்கும், காத்து வர்றது நின்னு தண்ணி கொறைஞ்சதும் எடுப்பாங்க.

எவ்ளோ எடுக்கலாம்னு எல்லாரும் பயப்படுறாங்க. மிச்ச நுரையீரல் ஆரோக்கியமா இருந்தா மொத்தத்துல பாதி வரைக்கும் எடுத்தாலும் நாய் தாங்கும், இடது பக்கம் முழுசையும் எடுத்துட்டு வாழுற நாய் உண்டு, வலது பக்கம் பெருசு, அத முழுசா எடுத்தா தாங்காது. ஒரே ஒரு மடல் எடுத்தா மிச்சம் விரிஞ்சு அந்த எடத்த நெரப்பிக்கும். எங்க பையன் காலைல பார்க் கனெக்டர்ல நடக்குறதப் பாத்தா ஒண்ணு கொறையுதுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க.

ஆனா நேர்மையா ஆபத்தையும் சொல்லணும். மூடுன எடத்துல காத்து கசியலாம், ரத்தம் கசியலாம், மயக்கத்துல இதயம் நிக்கலாம், மயக்கம் தெளியும்போது வாந்தி எடுத்து புதுசா நிமோனியா வரலாம், மத்த மடலுக்குத் தொத்து பரவலாம். அமெரிக்காவுல 1972ல இருந்து 1994 வரைக்கும் நிமோனியாவுக்காக மடல் எடுத்த 59 நாய்ங்களப் பத்தி 1997ல ஒரு ஆய்வு வந்துச்சு, அதுல நிமோனியா தீந்தது பாதிக்குக் கொஞ்சம் மேலதான். அது பழைய காலம், சிடி பரவலா இல்ல, மயக்க மருந்தும் வலி மருந்தும் இப்ப ரொம்ப முன்னேறியிருக்கு, இருந்தாலும் அந்தக் கணக்கு ஒரு விஷயத்தச் சொல்லுது: எந்த நாய்க்குப் பண்றோம்ங்கிற தேர்வுலதான் பாதி வெற்றி இருக்கு. ஒரு மடல்ல அடங்குன வியாதிக்கும் ரெண்டு பக்கமும் பரவுன வியாதிக்கும் ஒரே வாய்ப்பு கெடையாது.

தொறந்து பண்றதா, கேமரா விட்டு சின்ன ஓட்டைல பண்றதா? கேமரா வழில வலி கம்மி, ஆஸ்பத்திரில இருக்குற நாளும் கம்மியாகலாம், கேக்கவே ஆசையா இருக்கும். ஆனா நிமோனியா பல தடவை வந்த நெஞ்சுக்குள்ள மடல் பக்கத்துல இருக்குறதோட ஒட்டிக்கிட்டு இருக்கும், வீங்கிப் பெருசா இருக்கும், சீழ்க்கட்டி ஒடையலாம், அதையெல்லாம் கேமரால பிரிச்செடுக்குறது சிரமம். அதோட நம்ம எச்டிபி (அரசு அடுக்குமாடி) வீட்டு நாய்ங்க பெரும்பாலும் சின்னது, அனுமதிச்ச இனமெல்லாம் சின்ன இனந்தானே, அந்தச் சின்ன நெஞ்சுக்குள்ள கருவிங்க அசையவே எடம் இருக்காது. பெரிய நாய், சின்ன கட்டி, ஒட்டாத மடல்னா கேமராவ கேளுங்க. மத்தபடி தொத்து விஷயத்துல திறந்து பண்றதுதான் எனக்கு நம்பிக்கை, சர்ஜன் கையால தொட்டுப் பாத்து பக்கத்து மடலையும் சோதிக்கலாம். கேமரால ஆரம்பிச்சு நடுவுல தொறக்க வேண்டி வந்தா அத தோல்வின்னு நெனைக்காதீங்க, முன்னாடியே அதுக்கும் சம்மதம் கொடுத்து வைங்க. நெஞ்செலும்ப நடுவுல பிளந்து ரெண்டு பக்கமும் பாக்குற முறையும் இருக்கு, நுரையீரலச் சுத்தி சீழ் கட்டி எந்தப் பக்கம்னு தெரியாதப்ப அது வேணும், வலி அதிகம்.

ஆப்பரேஷன்ல கிடைக்கிற ஒரு நன்மைய பல பேர் மறந்துடுறாங்க, எடுத்த மடல் முழுசா லேபுக்குப் போகும். உள்ள என்ன இருந்துச்சு, எந்தக் கிருமி, புத்துநோய் உண்டா இல்லையான்னு தெளிவா தெரிஞ்சுடும். மருந்து வழில அந்தத் தெளிவு கிடைக்காது.

இனி மூணாவது வழி, எனக்கு ரொம்ப முக்கியமா படுறது, யாரும் சரியா பேசாததும் இதான்: நுரையீரலத் தொடாம, நிமோனியாவ அனுப்பிட்டு இருக்க எடத்தச் சரி பண்றது. ஷ்னாவ்சருக்கு என்னன்னா உணவுக்குழாய் விரிஞ்சு தொங்கிப் போயிருந்துச்சு, மெகா ஈசோஃபேகஸ், அந்த இனத்துல பொறக்கும்போதே வர்றதுண்டு. சாப்பாடு இரைப்பைக்குப் போகாம அங்கயே தேங்கி, படுத்தா மேல வந்து மூச்சுக்குழாய்ல இறங்குது. தங்கச்சி அத வாந்தின்னு நெனைச்சிட்டு இருந்துச்சு. வாந்தின்னா வயிறு குலுங்கும், ஓங்கரிக்கும், இது அப்படியே வழிஞ்சு விழும், குழாய் வடிவத்துல செரிக்காத சாப்பாடா இருக்கும். போன்ல ஒரு வீடியோ எடுத்து வெட்கிட்ட காட்டுங்க, வார்த்தைல சொல்றத விட அது போதும். இந்த நாய்க்கு வலது நடு மடல எடுத்திருந்தா அடுத்த தடவை பக்கத்து மடல்தான் நெரம்பியிருக்கும்.

இதுக்கு வழி நேரா உக்கார வெச்சு சாப்பாடு கொடுக்குறது. பெய்லி சேர்னு ஒரு நாற்காலி, குழந்தை ஹை சேர் மாதிரி, அதுல நிமிந்து உக்காந்து சாப்பிட்டு, சாப்பிட்டப்புறமும் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கணும், புவி ஈர்ப்புலதான் சாப்பாடு இறங்கணும். சில நாய்க்கு உருண்டையா உருட்டிக் கொடுத்தா நல்லா இறங்கும், சிலதுக்கு கஞ்சியா இருந்தாத்தான், பழகிப் பாத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். வயசான பெறகு திடீர்னு இது வந்தா மயஸ்தீனியா கிராவிஸ்க்கு (தசைங்க பலமிழந்து போற வியாதி) ரத்தப் பரிசோதனை கேளுங்க, அது மருந்துல அடங்கக்கூடிய காரணம்.

லாப்ரடார் மாதிரி பெரிய நாய் வயசாகி, குரல் கம்மி, மூச்சிழுக்கும்போது கர்னு சத்தம் வருதுன்னா குரல்வளை முடக்குவாதமா இருக்கலாம். அதுக்கு டை பேக்னு ஒரு ஆப்பரேஷன், ஒரு பக்கத்த இழுத்து நிரந்தரமா திறந்து வெச்சுடுவாங்க. மூச்சு நல்லா போகும், ஆனா கதவு திறந்தே இருக்கறதால அப்புறம் ஆயுசு முழுக்க நிமோனியா ஆபத்து கூடவே வரும். நிமோனியாவ நிறுத்துறதுக்காக பண்றதுன்னு இத எடுத்துக்காதீங்க, மூச்சுத் திணறலுக்காகப் பண்றது. நம்ம வெயில்ல மூச்சுத் திணறல்லயே நாய் போயிடும்ங்கறதால பெரிய நாய்க்கு இத நான் ஆதரிக்கிறேன், நிமோனியா ஆபத்தத் தெரிஞ்சுகிட்டே. பக், ஃபிரெஞ்ச் புல்டாக் வெச்சிருக்கவங்களுக்கு மூக்கு ஓட்டைய அகலப்படுத்துறது, நீளமான அண்ணத்தக் கொறைக்கிறது, இந்த ஆப்பரேஷன் எதுக்களிப்பையும் சேத்துக் கொறைக்கிறதுண்டு, அதனால அவங்க நுரையீரலப் பத்தி யோசிக்கிறதுக்கு முன்னாடி மூக்கப் பத்தி யோசிங்க.

பக்குக்கே தனியா ஒண்ணு. எளம் பக், திடீர்னு மூச்சு வாங்குது, சோர்ந்து போச்சு, நெஞ்சுல தண்ணி சேருதுன்னா மடல் முறுக்கிக்கிட்டிருக்கலாம், அந்த இனத்துல அடிக்கடி இடது முன் மடல்ல வரும். அங்க ஒப்பீடே கெடையாது, மருந்து வேல செய்யாது, அவசரமா எடுக்கணும், நேரத்துக்கு எடுத்தா பக்குங்க பொதுவா நல்லா தேறும்.

எந்த வழியும் முழுசா தீர்க்காத நாய்ங்களும் இருக்கு. பொறக்கும்போதே சளியத் தள்ளுற சின்ன முடிங்க வேல செய்யாத வியாதி, ரெண்டு பக்கமும் பரவுன பிராங்கியெக்டேசிஸ், இதுக்கு ஆப்பரேஷன் வேணாம், எடுக்குறதுக்கு எல்லை எங்கன்னு சொல்ல முடியாது. தினமும் நெபுலைசர், தட்டறது, எடை ஏறாம பாத்துக்கிறது, மோசமாகும்போது கல்ச்சர் பாத்து மருந்து, இப்படியே வருஷக்கணக்குல நல்லா வாழ வைக்கலாம். இந்த நாய்ங்க இருக்க வீட்ல புகைய நிறுத்தணும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுறத நாய் இல்லாத ரூம்ல கதவ சாத்திட்டுப் போடுங்க, கொசுவத்தி வேணாம், சீனர்களோட ஏழாம் மாசம் பிளாக் கீழ காகிதம் எரிக்கிற நேரத்துல அந்தப் பக்கம் நடக்காதீங்க, சுமத்ரா புகைமூட்டம் வந்தா பிஎஸ்ஐ (காத்து மாசு அளவு) பாத்துட்டு ஜன்னல மூடி ஏர்கான் போட்டு வீட்டுக்குள்ளயே வெச்சுக்கோங்க. நடைய விடிகாலைலயும் பொழுது சாஞ்சப்புறமும் வெச்சுக்கோங்க. கழுத்துப் பட்டைக்குப் பதிலா ஹார்னெஸ்.

காசு விஷயம். சிடி, ஸ்கோப், கல்ச்சர், ஆப்பரேஷன், ஐசியு எல்லாம் சேந்தா ஆயிரக்கணக்கான வெள்ளி, அத மறைச்சுப் பேச எனக்கு மனசில்ல. ஆனா ஒப்பிடும்போது ஒரு தடவை ஆப்பரேஷன் செலவ ஒரு மாச மருந்துச் செலவோட வெச்சுப் பாக்காதீங்க. ஒவ்வொரு தடவை முடியாம போறப்பவும் ஆக்சிஜன் கூண்டுல ரெண்டு மூணு நாள், டிரிப், எக்ஸ்ரே, ரத்தம், இத ஒரு வருஷத்துக்குக் கூட்டிப் பாருங்க, ஒரு மடல் வியாதிக்கு பல சமயம் ஆப்பரேஷன விட தள்ளிப்போடுறதுதான் அதிகமா இழுக்குது. எழுத்துல எஸ்டிமேட் கேளுங்க, செஸ்ட் டியூப் ஒரு நாள் கூட இருந்தா எவ்ளோ கூடும்னும் கேளுங்க. இன்சூரன்ஸ் இருந்தா ஏற்கெனவே இருந்த வியாதிய பொதுவா சேத்துக்க மாட்டாங்க, ஷரத்த படிங்க. எம்ஆர்டி ரயில்லயும் பஸ்லயும் நாயக் கூட்டிட்டுப் போக முடியாது, அதனால மறுபடி மறுபடி செக்கப் போறதுக்குப் பெட் டாக்ஸி செலவையும் கணக்குல சேருங்க. ஆப்பரேஷனுக்கு அப்புறம் ரெண்டு வாரமாவது வீட்ல யாராவது கூட இருக்கணும், ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீடுன்னா லீவ முன்னாடியே பேசி வைங்க, படி ஏறவிடக் கூடாது, சோபால குதிக்க விடக் கூடாது, லிஃப்ட் வரைக்கும் தூக்கிட்டுப் போகணும்.

நேரத்தப் பத்தி என் கருத்து கொஞ்சம் கண்டிப்பானது. ஒரு மடல் வியாதின்னு சிடில உறுதியாச்சு, மேல இருந்து எதுவும் இறங்கலன்னு உறுதியாச்சு, சரியான மருந்துக்கப்புறமும் திரும்ப வந்துச்சுன்னா, இன்னொரு தடவை பாக்கலாம்னு இழுக்காதீங்க. நாய் எடை கொறைஞ்சு, சத்து போய், பக்கத்து மடலுக்கும் பரவுனப்புறம் கொண்டு போனா மயக்கத்தத் தாங்குற சக்தியும் கொறைஞ்சிருக்கும். ரெண்டு தடவைக்கு நடுவுல, காய்ச்சல் இல்லாம, நல்லா சாப்பிட்டு தெம்பா இருக்க நாள்லதான் பண்ணணும், அந்த நாள்ல நாயப் பாத்தா நமக்கே "நல்லாத்தானே இருக்கு, எதுக்குக் கத்தி"ன்னு தோணும். வயசு மட்டும் தடை இல்ல, 11 வயசு நாய்க்கும் இதயமும் கிட்னியும் நல்லா இருந்தா பேசலாம். அதே மாதிரி காரணம் தெரியாம, சிடி இல்லாம, எக்ஸ்ரே மட்டும் பாத்து நாளைக்கே எடுத்துடலாம்னு சொன்னா, மடல் முறுக்கு மாதிரி அவசரம் இல்லாத பட்சத்துல, இன்னொரு டாக்டர் கருத்து கேளுங்க, எந்த நல்ல டாக்டரும் அதுக்குக் கோவிச்சுக்க மாட்டாங்க.

சர்ஜனப் பாக்கப் போறப்ப கேக்குறதுக்கு சிலது. மத்த மடலுங்க எப்படி இருக்கு, படத்தக் காட்டுங்கன்னு கேளுங்க. எதுக்களிப்பு, குரல்வளை, மூக்கு மூணையும் யாராவது பாத்தாச்சான்னு கேளுங்க. ராத்திரி முழுக்க ஆள் இருந்து பாத்துக்குற எடமா, வலிக்கு என்ன கொடுப்பீங்க, வெலா எலும்பு நரம்புல மரத்துப் போற ஊசி உண்டா, செஸ்ட் டியூப யார் பாத்துக்குவாங்க. இந்த ஆப்பரேஷன தொத்து வந்த மடல்ல நீங்க எத்தன தடவை பண்ணியிருக்கீங்கன்னு தயங்காம கேளுங்க. மேஜைல திறந்து பாத்தப்புறம் பக்கத்து மடலும் கெட்டிருந்தா என்ன செய்யச் சொல்றீங்கன்னு அவங்களும் உங்களக் கேப்பாங்க, அதுக்கு வீட்ல முன்னாடியே பேசி ஒரு பதில் வெச்சிருங்க, போன அடிச்சு அந்த நிமிஷத்துல முடிவெடுக்கச் சொன்னா யாராலயும் முடியாது.

இதெல்லாம் நிதானமா யோசிக்க நேரம் இருக்க நாய்க்கு. ஈறு வெளிறிப் போச்சு இல்ல நீலமா மாறுது, கழுத்த நீட்டி வயித்தால மூச்சு விடுது, படுக்கவே மாட்டேங்குதுன்னா எதையும் ஒப்பிட்டுப் பாக்காதீங்க, ஏர்கான ஃபுல்லா வெச்ச வண்டில 24 மணி நேர ஆஸ்பத்திரிக்கு நேரா போங்க, போற வழிலயே போன் பண்ணி ஆக்சிஜன் தயாரா வைக்கச் சொல்லுங்க.